கந்தளாயிலிருந்து செம்பு வரை: குழாய்த் தண்ணீர் வழியில் எங்கே கெடுகிறது?

பக்கத்து வீட்டு அக்கா செம்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தபடி தண்ணீரை முற்றத்தில் ஊற்றினார். "மருந்து மணக்குது தம்பி. இதைக் குடிச்சா வயித்துக்கு ஒத்து வராது." ஊற்றிய கையோடு, குசினி வாசலில் மூடியில்லாமல் நின்ற நீலப் பரலில் ஒரு செம்பு அள்ளி அண்ணாந்து குடித்தார். பரலில் இருந்தது மூன்று நாளைக்கு முந்திப் பிடித்த தண்ணீர். அதில் ஒரு மணமும் இல்லை, ஆகவே அவருக்கு அதுதான் நல்ல தண்ணீர்.

திருகோணமலையில் குழாய்த் தண்ணீரைப் பற்றி மூன்று பேச்சு அடிக்கடி காதில் விழும். மணந்தால், "மருந்து கூடிப்போச்சு." கலங்கி வந்தால், "குளத்துத் தண்ணியை அப்படியே விடுறாங்கள்." பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால், "அங்க சரியாச் சுத்தம் செய்யேல்ல." மூன்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது. தண்ணீருக்கு நல்லதோ கெட்டதோ நடப்பது சுத்திகரிப்பு நிலையத்தில், அதற்குப் பிறகு இருக்கும் குழாய் வெறும் வழி என்ற எண்ணம். நிலையத்திலிருந்து நன்றாகப் புறப்பட்ட தண்ணீர் அந்த வழியிலேயே கெட்டுப்போகலாம். எங்கே, எப்படி, யார் கையால் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிலையத்துக்குள் நடக்கும் வேலையைப் பற்றி எழுதப் போவதில்லை.

மீன் மேலே போகிறது, தண்ணீர் கீழே வருகிறது

விடியப்புறம் திருக்கடலூர்க் கரையில் இறங்கும் மீன் ஐஸ் பெட்டியில் ஏறிக் கந்தளாய்ப் பக்கம் போகிறது. ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அதே தூரத்தை எதிர்ப்பக்கமாகக் கடந்து கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், சுத்திகரித்த பிறகு, குழாய் வழியாக நம்மிடம் வருகிறது. கோணேசர் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் கட்டியவன் குளக்கோட்டன் என்று நாம் கதை சொல்வோம். கோயிலையும் குளத்தையும் இணைத்த வேலையை மட்டும் பிற்காலத்தில் குழாய் செய்திருக்கிறது.

கரையில் மீன் துள்ளியது என்று மீன்காரர் சத்தியம் செய்தாலும் கந்தளாயில் வாங்குகிறவர் அதோடு விடமாட்டார். பெட்டியைத் திறந்து ஐஸ் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கைப்பிடி ஐஸாவது இருந்தால், வழி முழுக்க மீன் குளிரில் இருந்தது என்று தெரியும். பெட்டிக்குள் வெதுவெதுத்த தண்ணீர் மட்டும் நின்றால், கரையில் துள்ளிய கதையால் பயனில்லை.

தண்ணீருக்கு அந்த ஐஸ் குளோரீன். தெளியவைத்து வடித்த தண்ணீரில் நோய்க்கிருமிகளைக் கொல்லக் குளோரீன் கலக்கிறார்கள். அங்கேயே முழுதும் செலவாகிவிடாமல் கொஞ்சம் மிஞ்சும்படி கணக்குப் பார்த்துத்தான் கலக்கிறார்கள். அப்படி மிஞ்சி, தண்ணீரோடு கூடவே உங்கள் குழாய் வரை வந்து சேரும் பங்குக்கு மீதிக் குளோரீன் என்று பெயர். வழியில் ஏதாவது கொஞ்சம் உட்புகுந்தால் அதைச் சமாளிப்பது இதன் வேலை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. குளோரீன் கலந்து குறைந்தது 30 நிமிடம் கழிந்த பிறகும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். பாவனையாளரிடம் வந்து சேரும்போது 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 மேல் எல்லையாக வைத்திருப்பது 1 மில்லிகிராம். உடல்நலத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் போட்ட மேல் எல்லையோ 5 மில்லிகிராம். லீற்றருக்கு 0.2 என்றால் 1,000 லீற்றர் தாங்கி முழுவதிலும் 0.2 கிராம்தான், ஒரு சிட்டிகை உப்பிலும் குறைவு. சிலருடைய நாக்குக்கு 0.3 மில்லிகிராமே தெரிந்துவிடும். அக்காவின் மூக்கு பிடித்தது இப்படியொரு அளவாகத்தான் இருக்க வேண்டும்.

குளோரீன் தண்ணீரில் உள்ள வேறு பொருள்களோடு சேர்ந்து சில துணைப்பொருள்களை உண்டாக்கும் என்பது உண்மை. அவற்றுக்கும் எல்லைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பயந்து கிருமிநீக்கத்தைக் குறைக்கக் கூடாது என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்கு இரண்டாம் பேச்சில்லை. நெருப்புக்காய்ச்சலும் வாந்திபேதியும் செங்கண்மாரியும் தண்ணீர் வழியாக ஊர் ஊராகப் பரவிய காலத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: குளோரீன் இலேசாக மணப்பது பெட்டியில் ஐஸ் மிச்சமிருப்பதற்கு அடையாளம். மணம் அறவே இல்லாவிட்டால் ஐஸ் உருகி முடிந்திருக்கக்கூடும்.

ஐஸ் எங்கே உருகுகிறது

முதற் காரணம் நேரம். குழாயில் தண்ணீர் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீற்றரைக் கடக்க 80,000 செக்கன் ஆகும், அதாவது 22 மணித்தியாலத்துக்கு மேல். அதன்பிறகு ஊர்த் தாங்கியில் தங்கி, தெருக் குழாயில் நகர்ந்து, வீட்டுத் தாங்கியில் ஏறவேண்டும். நிலையத்தை விட்டுப் புறப்பட்டதிலிருந்து கழிந்த இந்த மொத்த நேரத்தை நீரின் வயது என்பார்கள். வயது ஏற ஏறக் குளோரீன் குறையும். பிரதான குழாய்க்குக் கிட்ட இருக்கும் வீட்டில் மணப்பதும், ஒழுங்கையின் கடைசி வீட்டில் மணக்காததும் இதனால்தான். கடைசி வீட்டுக்காரர் "எங்கட தண்ணி நல்ல தண்ணி, மருந்து மணக்கிறதேயில்லை" என்று பெருமைப்படுவதை நானே கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது காரணம் வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் பைப்பைத் திறந்தால் முதல் ஒரு வாளி கன்னியா வெந்நீரூற்றில் பிடித்த மாதிரி வருமே, அந்தச் சூட்டில் குளோரீன் இன்னும் வேகமாகப் போய்விடும்.

மூன்றாவது காரணம் குழாயின் உள்சுவர். தண்ணீர்ப் பானையைச் சில நாள் தேய்க்காமல் விட்டு உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கும். நுண்ணங்கிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றிப் பசைபோலொன்றைச் சுரந்து உண்டாக்கும் படை அது. அதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். உலகில் எந்த ஊர்க் குழாயும் இதற்கு விலக்கல்ல. பெரும்பாலும் ஆளுக்குத் தீங்கு செய்யாத இனங்கள்தான் அதில் இருக்கும். ஆனாலும் அது குளோரீனைத் தின்னும், வெளியிலிருந்து புகுந்த கெட்ட கிருமிக்கு ஒளிய இடமும் கொடுக்கும்.

கலங்கலுக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் இரும்பும் மங்கனீசும், பழைய இரும்புக் குழாயின் துருவும், தண்ணீர் மெதுவாகப் போகும் இடங்களில் அடியில் படிந்துவிடும், தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் தூள் தங்குவதுபோல. கோப்பையை ஆட்டாதவரை மேல் தண்ணீர் தெளிவாக இருக்கும். லைன் நின்று மறுபடி பாய்ந்து வரும்போது, அல்லது எங்கேயோ ஒரு வால்வைத் திறந்து ஓட்டத்தின் திசை மாறும்போது, கோப்பை ஆட்டுப்படுகிறது. உங்கள் வாளியில் விழும் பழுப்பு நிறம் பெரும்பாலும் அந்தப் பழைய படிவுதான். யாரும் குளத்துத் தண்ணீரை நேராகத் திறந்துவிடவில்லை. அதற்காக அதைக் குடிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. தெளியும்வரை குடிக்க வேண்டாம்.

படிவைப் போக்க வழக்கமான வழி, குழாயின் முடிவிடங்களில் வால்வைத் திறந்து தண்ணீரை வேகமாக ஓடவிடுவது. நீர் வழங்கல் சபை ஆட்கள் இதைச் செய்யும் நாளில் தெருவே திரண்டு நிற்கும்: "குடிக்கத் தண்ணியில்ல, இவங்கள் றோட்டில விடுறாங்கள்!" கோபம் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஓட்டம் குழாயைக் கழுவுகிறது, வயது போன தண்ணீரைத் தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. என்னைக் கேட்டால், செய்வதை முதல் நாளே தெருவுக்குச் சொல்லிவிட்டுச் செய்தால் பாதிச் சண்டை வராது.

பம்பின் இரண்டு ஹோஸ்

ஐஸ் உருகுவது ஒரு பக்கம். பெட்டிக்குள் அழுக்கு எப்படி வரும் என்பது இன்னொரு பக்கம். மண்ணுக்குள் புதைந்த குழாய்க்குள் கழிவு எப்படிப் போகும்?

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பம்புக்கு இரண்டு ஹோஸ். வெளியே தள்ளும் ஹோஸில் ஊசியளவு ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீறிடும், ஆனால் வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. கிணற்றுக்குள் கிடக்கும் உறிஞ்சும் ஹோஸில் அதே அளவு ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, அது வளியை இழுக்கும். "எயார் பிடிச்சிட்டுது" என்று பம்பை நிற்பாட்டிவிட்டு ஓட்டையைத் தேடி ரியூப் துண்டு சுற்றுவோம். ஓட்டை ஒன்றுதான். எந்தப் பக்கம் அமுக்கம் கூட என்பதில்தான் வித்தியாசம். அமுக்கம் என்பது தண்ணீர் குழாய்ச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை என்று இப்போதைக்குப் போதும்.

தெருக் குழாய் வழக்கமாகத் தள்ளும் ஹோஸ். எங்காவது மூட்டுக் கசிந்தால் தண்ணீர் மண்ணுக்குள் போகும், காசு நட்டம், அவ்வளவுதான். அமுக்கம் இறங்கிவிட்டால் அதே குழாய் உறிஞ்சும் ஹோஸாகிவிடுகிறது. குழாயைச் சுற்றியிருக்கும் ஈரமண்ணில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் வடிகான், வேலிக்கு அந்தப் பக்கம் மலசலகூடக் குழி, மாரியில் இரண்டையும் ஒன்றாக்கி நிற்கும் வெள்ளம். வெளியே கசிந்த அதே மூட்டு வழியாக அது உள்ளே வரும்.

அமுக்கம் எப்போது இறங்கும்? குழாய் உடையும்போது, திருத்த வேலைக்காக லைனைப் பூட்டும்போது, கரண்ட் போய்ப் பம்புகள் நிற்கும்போது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்கள் இருந்தன. இருட்டும் வேர்வையும் நினைவிருக்கும் நமக்கு, அந்த நாட்களில் நீர் வழங்கலும் எவ்வளவு நெருக்கடியில் இருந்திருக்கும் என்பது தோன்றியிருக்காது.

இன்னொரு காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. லைன் மெதுவாக வருகிறது என்று மீட்டருக்குப் பிறகு நேராக மோட்டரைப் பூட்டி இழுப்பவர்கள் உண்டு. அவருடைய தாங்கி நிரம்பும். தெருக் குழாயோ அந்த நேரம் சரியாக உறிஞ்சும் ஹோஸ்தான். அவர் தனக்காக இழுக்கும்போது பக்கத்து வடிகானையும் சேர்த்து இழுக்கலாம், அது அவருடைய தாங்கியில் மட்டும் போய் விழும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மேடு பள்ளத்துக்கும் இதில் பங்கு உண்டு. 10 மீற்றர் உயர நீர் நிரல் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கத்துக்குச் சமம். கீழ்த் தெருவில் குழாயின் அமுக்கம் தண்ணீரை 12 மீற்றர் தூக்கப் போதுமென்றால், 15 மீற்றர் மேட்டிலுள்ள வீட்டுக்கு அது எட்டாது. உவர்மலை போன்ற மேட்டு நிலத்தில் லைன் முதலில் நின்று கடைசியில் வருவது இதனால்தான். அந்த நேரம் கீழ்வீட்டார் பைப்பைத் திறந்தால் மேட்டுக் குழாயில் நின்ற தண்ணீர் கீழே இறங்கும், மேலே வெற்றிடம் உண்டாகும். லைன் நின்ற ஒரு நாள் மேட்டில் உள்ள நண்பர் வீட்டு முற்றத்துப் பைப்பைத் திறந்தேன். தண்ணீருக்குப் பதில் "ஸ்ஸ்ஸ்" என்ற சத்தம். உள்ளங்கையை வைத்து வாயை மூடினேன். கையைப் பிடித்து இழுத்தது. எடுத்துப் பார்த்தால் நடுவில் வட்டமாகச் சிவந்திருந்தது.

என் கைக்குப் பதிலாக அந்தப் பைப்பில் ஒரு ஹோஸ் பூட்டியிருந்து, அதன் மறுமுனை மீன் கழுவிய பேசினிலோ, பூச்சிமருந்து கரைத்த வாளியிலோ கிடந்திருந்தால்? வாளியில் இருந்தது ஹோஸ் வழியாக ஏறிக் குழாய்க்குள் போயிருக்கும். இதுதான் பின்னுறிஞ்சல். தடுப்பதற்குக் காசு செலவில்லை. ஹோஸின் வாயைத் தண்ணீருக்குள் முங்கவிடாமல் வாளி விளிம்புக்கு மேலே பிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச வெளியைத் தாண்டி அழுக்கு ஏறமுடியாது. வீட்டுத் தாங்கியிலும் மிதவை வால்வு நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்று பிளம்பர்மார் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இரண்டு தண்ணீர் சந்திக்கும் இடம்

நம்மூரில் கிணறும் லைனும் இரண்டுமுள்ள வீடு ஏராளம். கிணற்று மோட்டரின் குழாயையும் சபைக் குழாயையும் ஒரு ரீ (T வடிவ மூட்டு) வைத்து இணைத்து, நடுவில் ஒரு கேட் வால்வு. லைன் வந்தால் இதைத் திற, நின்றால் அதைத் திற. வசதியான வேலைதான். குடிநீர்க் குழாய்க்கும் வேறொரு நீருக்கும் இப்படி நேர்த்தொடர்பு ஏற்படுவதைக் குறுக்கு இணைப்பு என்பார்கள். வால்வு தேய்ந்தோ, ஒருவர் பூட்ட மறந்தோ, மோட்டரைப் போட்டால் கிணற்றுத் தண்ணீர் தெருக் குழாய்க்குள் தள்ளப்படும். கரையோரத்துக் கிணறு என்றால் உப்பு நாக்கில் பட்டுக் காட்டிக்கொடுக்கும். மலசலகூடக் குழிக்குக் கிட்ட இருக்கும் கிணறு என்றால் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை, தண்ணீர் பளிங்குபோலவே இருக்கும்.

ஒரு வால்வு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குப் பின்லாந்தின் நோக்கியா நகரம் பதில். நம் எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு காலத்தில் இருந்த தொலைபேசிக்குப் பெயர் கொடுத்த ஊர். 2007 நவம்பரில், அங்குள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் இணைத்திருந்த வால்வு திறந்தபடி கிடந்தது. ஏறக்குறைய 450,000 லீற்றர் கழிவுநீர் குடிநீருக்குள் போனது. சுமார் 30,000 பேர் வாழும் ஊரில் 8,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பணம், பொறியியல், சட்டம் எதிலும் குறைவில்லாத நாடு. கழிவு அந்த அளவுக்குப் புகுந்தால் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரீனால் என்ன ஆகும்? பழுதான மீனை ஐஸில் வைத்தாலும் பழுதான மீன்தான்.

ஆக, குழாயில் உள்ள ஓட்டை எப்போதும் ஆபத்தாவதில்லை. அமுக்கம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே போகும், அமுக்கம் போனால் அழுக்கு உள்ளே வரும். குறுக்கு இணைப்பு இருந்தால் ஓட்டையே தேவையில்லை.

மீட்டருக்கு இந்தப் பக்கம்

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதற்குப் பிறகு கூரைக்கு மேல் இருக்கும் தாங்கி நம்முடையது, நாம்தான் அதைப் பார்ப்பதேயில்லை.

1,000 லீற்றர் தாங்கி. வீட்டில் இரண்டு பேர், நாளுக்கு 200 லீற்றர் செலவு. தாங்கித் தண்ணீர் முழுதாக மாற ஐந்து நாள் ஆகும். 22 மணித்தியாலத்தில் 40 கிலோமீற்றர் வந்த தண்ணீர், கடைசி எட்டு மீற்றரில் ஐந்து நாள் வெயிலில் வேகிறது. பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு அதே பெரிய தாங்கியை வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். ஐஸ் உருகியேவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு மூடி. காற்றில் பறந்துபோன மூடிக்குப் பதில் தகரத் துண்டு, மேலே ஒரு செங்கல். அந்த இடைவெளியால் பல்லி போகும், காகம் தலையை நீட்டும், நுளம்பு முட்டையிடும். 2017 இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பிறகும் நாம் பூச்சாடித் தட்டைக் கவிழ்க்கிறோம், கூரைக்கு ஏறுவதில்லை.

பறவை எச்சத்தைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கிடியன் என்று ஒரு சிற்றூர். அங்கே தண்ணீருக்குக் குளோரீன் கலக்கும் வழக்கமில்லை. 1993 இன் கடைசி மாதங்களில் தண்ணீர் ஒரு மாதிரி மணக்கிறது, சுவை சரியில்லை என்று சனம் முறையிட்டது. குழாய்களைக் கழுவினார்கள். அதுவே பின்னர் வினையானது. கழுவிய ஓட்டத்தில் தாங்கியின் அடியில் கிடந்தது கிளம்பி ஊருக்குள் போனது. தாங்கிக்குள் பறவைகள் புகுந்திருந்தன. சல்மொனெல்லா என்ற பக்டீரியாவால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்று, முதியோர் இல்லத்தில் இருந்த ஏழு பேர் இறந்துபோனார்கள்.

தாங்கியை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வடித்து, தேய்த்து, கிருமிநீக்கம் செய்யவேண்டும். குளோரீன் தூள் எவ்வளவு என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்யுங்கள், கண்மதிப்பு வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீரைத் தாங்கியிலிருந்து எடுக்காமல், மீட்டரிலிருந்து நேராக வரும் முற்றத்துப் பைப்பில் பிடித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கரி உள்ள வடிகட்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கரி குளோரீனை எடுத்துவிடும், அதனால்தான் சுவை நன்றாக இருக்கிறது. வடித்த தண்ணீருக்கு இனிக் காவல் இல்லை. அன்றன்றைக்கு வடித்து அன்றன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீர் அது. கொதிக்கவைத்து ஆறவைத்ததும் அப்படியே: மூடியோடு இருக்க வேண்டும், கையும் கோப்பையும் உள்ளே போகக் கூடாது.

"பரிசோதிச்சுப் பார்த்தாச்சு, நல்ல தண்ணி"

ஆய்வுகூட அறிக்கை வந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது இன்னொரு பிழை. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ கோலி என்ற பக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். ஈ கோலி வாழும் இடம் மனிதரினதும் வெப்பக்குருதி விலங்குகளினதும் குடல். ஆகவே அது தண்ணீரில் இருந்தால் மலம் எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதை வளர்த்துப் பார்த்து விடை சொல்ல ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். விடை வரும்போது அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். தவிர, இலட்சக்கணக்கான லீற்றருக்கு ஒரு சோடாப் போத்தல் அளவுதான் மாதிரி.

அதனால் 2004 இல் உலக சுகாதார நிறுவனம் தன் குடிநீர் வழிகாட்டியில் வேறொரு வழியை முன்வைத்தது. கடைசியில் சோதிப்பதை மட்டும் நம்பியிருக்காமல், நீரேந்து பகுதி தொடங்கிப் பாவனையாளரின் பைப் வரை வழியை நடந்து பார்ப்பது. எந்த இடத்தில் என்ன பிழை நேரலாம், அதைத் தடுப்பது எது, அந்தத் தடுப்பு இன்றைக்கு வேலை செய்கிறதா என்று எப்படி உடனே அறிவது. இப்படி எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை வைத்து நடத்துவதற்கு நீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். இந்தக் கட்டுரை செய்ததும் ஏறக்குறைய அதைத்தான், செம்பும் மீன்பெட்டியும் வைத்து.

'உடனே அறிவது' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமுக்கத்தை மானியில் பார்க்கலாம். கலங்கலை அளக்கலாம். மீதிக் குளோரீனைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் கவனியுங்கள். விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, ஒரு பொட்டலத் தூளை உதிர்த்து ஆட்டுவார். குளோரீன் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், நிறம் கூடக்கூட அளவு கூட. நிறமே மாறாவிட்டால் அவர் முகம் மாறும். குளோரீன் வழக்கமாக வரும் ஒழுங்கையில் திடீரென்று வராமல் போனால், உள்ளே ஏதோ புகுந்து அதைத் தின்றிருக்கலாம் என்று அவர் நினைப்பார். நிறம் மாறாததை அவர் குறித்துக்கொண்டு போகும்போது, "மருந்து இல்லையாம், நல்லம்" என்று வீட்டார் மகிழ்வதைப் பார்த்து என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

லைன் திரும்பி வந்த முதல் நேரம்

மாரி வெள்ளத்திலோ திருத்த வேலையிலோ ஒரு நாள் நின்ற லைன் திரும்பி வருகிறது. பைப் இருமுகிறது, வளி வெடித்து வெளியேறுகிறது, பிறகு பழுப்புத் தண்ணீர். அமுக்கம் இல்லாமல் கிடந்த நேரத்தில் உள்ளே வந்ததும், அடியில் படிந்திருந்ததும் சேர்ந்து வரும் நேரம் இது. எல்லோரும் தாங்கியைத் திறந்துவிடுவதும் இதே நேரம்தான்.

தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டிவையுங்கள். முற்றத்துப் பைப்பைத் திறந்து ஓடவிடுங்கள். கண்ணுக்குத் தெளிந்த பிறகும் ஒரு செம்பு பிடித்து மணந்து பாருங்கள். இலேசாகக் குளோரீன் மணந்தால் புதுத் தண்ணீர் வந்துவிட்டது, இனித் தாங்கியைத் திறக்கலாம். அன்றைக்குக் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாயம். நாற்றமடித்தால், அல்லது ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் வயிற்றோட்டம் என்றால் காத்திருக்க வேண்டாம். சபையின் 1939 இலக்கத்துக்கும் பரிசோதகருக்கும் சொல்லுங்கள்.

போன கிழமை லைன் நின்று வந்தபோது அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் முற்றத்தில் ஹோஸைப் பிடித்து முருங்கையடிக்கு விட்டுக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி, காசு குடுத்து வாங்கின தண்ணியை மரத்துக்கு விடுறீர்?" என்றார். செம்பில் பிடித்து நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு, "இன்னும் மணக்கேல்லையே" என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும் அக்கா."